கொள்கையளவும் கொள்ளளவும்: ஒகேனக்கல் வழியாக ஒரு இங்கிலீஷ் பாடம்

"கொள்கையளவில் ஒப்புதல்." இந்த வார்த்தை வாரத்துக்கு ஒரு தடவையாவது நம்ம பேப்பர்ல வந்துடும். மெட்ரோவுக்குக் கொள்கையளவில் ஒப்புதல், விமான நிலையத்துக்குக் கொள்கையளவில் ஒப்புதல். அடுத்த நாளே யாராவது ஊருக்குள்ள பட்டாசு வெடிச்சிருப்பாங்க. எங்க ஐ.டி. உலகத்துலயும் இது உண்டு. கிளையன்ட் "அக்ரீட் இன் பிரின்சிபிள்"னு ஒரு வரி அனுப்பினா, மேனேஜர் அன்னைக்கே ட்ரீட் வைப்பார். அனுபவம் உள்ள டெவலப்பர் மட்டும் அமைதியா சமோசாவைச் சாப்பிடுவார், கோடு ஒரு வரி கூட எழுத ஆரம்பிக்க மாட்டார்.

இன் பிரின்சிபிள், ஆன் பிரின்சிபிள். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன முன்னிடைச் சொல்தான் வித்தியாசம். ஆனா அந்த வித்தியாசத்துல ஒரு ஆறே ஓடுது. உருவகமா இல்லைங்க, நெஜமாவே ஒரு ஆறு. அதைத்தான் சொல்லப் போறேன்.

முதல்ல பாடத்தை முடிச்சிடலாம். 'இன் பிரின்சிபிள்'னா "பொதுவா பார்த்தா சரிதான், விவரம் இன்னும் பேசலை"ன்னு அர்த்தம். 'ஆன் பிரின்சிபிள்'னா "இது என் கொள்கை, அதனால இதைச் செய்வேன், இல்லைன்னா செய்ய மாட்டேன்"னு அர்த்தம். முதலாவது கதவை லேசா திறந்து வைக்கிறது. ரெண்டாவது பெரும்பாலும் கதவை இழுத்துச் சாத்துறது.

மாத்திப் போட்டா என்ன ஆகும்? ஒரு அதிகாரி 'ஆன் பிரின்சிபிள்' லஞ்சம் வாங்குறதில்லைன்னா அவர் நேர்மையானவர். 'இன் பிரின்சிபிள்' வாங்குறதில்லைன்னா, கவரை டேபிளுக்கு அடியில கொடுக்கணும்னு அர்த்தம். "கொள்கையளவுல நாங்க வரதட்சணைக்கு எதிரானவங்க"ன்னு மாப்பிள்ளை வீட்டுல பேச்சை ஆரம்பிச்சா, பொண்ணோட அப்பா அடுத்த வாக்கியத்துக்குள்ள பேங்க் பாஸ்புக்கைத் தேட ஆரம்பிச்சிடணும் :-)

தமிழ்ல ரெண்டுக்குமே 'கொள்கை'ங்கிற ஒரே வார்த்தையை வெச்சுத்தான் ஒப்பேத்துறோம். 'கொள்கையளவில்'னு ஒண்ணு, 'கொள்கைக்காக'ன்னு ஒண்ணு. ஆனா நம்ம வார்த்தையில ஒரு அழகு இருக்கு. 'கொள்'ங்கிற வேர்ல இருந்து வர்றது கொள்கை, அதாவது ஒருத்தர் மனசுல கொண்டிருக்கறது. அதே வேர்ல இருந்து வர்ற இன்னொரு வார்த்தை 'கொள்ளளவு'. ஒரு அணையில எவ்வளவு தண்ணி பிடிக்கும்ங்கிற கணக்கு. பிரின்சிபிளோட லத்தீன் வேரைத் தோண்டினாலும் 'முதல்', 'எடுத்துக்கொள்' ரெண்டும்தான் வருது. ஆக ரெண்டு மொழியிலயும் கொள்கைக்குள்ள ஒரு 'கொள்' ஒளிஞ்சிருக்கு.

காவிரியோட நூத்திமுப்பது வருஷச் சண்டையை ஒரே வரியில சொல்லணும்னா இப்படிச் சொல்லலாம்: கொள்கையளவுல எல்லாரும் ஒத்துப்பாங்க, தகராறு எல்லாம் கொள்ளளவுலதான்.

மைசூர்க்காரர் போட்ட அஸ்திவாரம்

கதை 1892-ல ஆரம்பிக்குது. மைசூர் சமஸ்தானமும் மதராஸ் அரசாங்கமும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. குறிப்பிட்ட ஆறுகள்ல மைசூர் புதுசா அணை கட்டணும்னா மதராஸோட முன்சம்மதம் வேணும். அதே சமயம் மதராஸும் சும்மா சும்மா சம்மதத்தை மறுக்கக் கூடாது. ஏற்கனவே அனுபவிச்சுட்டு வர்ற பாசன உரிமையைக் காப்பாத்தறதுக்காக மட்டும்தான் மறுக்கலாம். படிக்கறதுக்கு எவ்வளவு நியாயமா இருக்கு பாருங்க! மேல இருக்கறவன் கேட்டுட்டுச் செய்யணும், கீழ இருக்கறவன் வீம்புக்கு மறுக்கக் கூடாது. கொள்கையளவுல இதுல குறை சொல்ல ஒண்ணுமே இல்லை.

பதினெட்டு வருஷம் கழிச்சு, 1910-ல, மைசூர் கண்ணம்பாடியில அணை கட்டணும்னு வந்தது. இன்னைக்கு நாம கிருஷ்ணராஜசாகர்னு சொல்றது அதுதான். மைசூரோட தலைமைப் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா. கேட்ட கொள்ளளவு 41.5 டி.எம்.சி. மதராஸ் மேட்டூர்ல தனக்கும் ஒரு அணை வேணும்னு யோசிச்சுட்டிருந்த நேரம் அது. அதனால சம்மதம் கொடுத்தது, ஆனா 11 டி.எம்.சி.க்கு மட்டும். மைசூர் சரின்னு தலையாட்டிட்டு, 1911-ல வேலையை ஆரம்பிச்சப்போ அஸ்திவாரத்தை முழு அணைக்கான அகலத்துக்கே போட்டுடுச்சு. பேப்பர்ல 11, மண்ணுக்குள்ள 41.5!

இந்த இடத்துல பொறியாளர் ஜாதியில பொறந்தவன்ங்கிற முறையில எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. "ஃபேஸ் ஒண்ணுக்கு மட்டும்தான் அப்ரூவல், ஆனா டேட்டாபேஸை ஃபேஸ் ரெண்டுக்கும் சேர்த்தே டிசைன் பண்ணிட்டோம்"னு நாங்க இன்னைக்குப் பண்ற அதே வேலைதான். ஆனா கீழ தஞ்சாவூர்ல நாத்து விட்டுக் காத்திருக்கற விவசாயிக்கு அது சிரிப்பா இருந்திருக்காது.

விஷயம் நடுவர்கிட்ட போச்சு. கிரிஃபின்ங்கிற வெள்ளைக்கார நடுவர் 1914-ல மைசூருக்குச் சாதகமா தீர்ப்புச் சொன்னார். மதராஸ் லண்டன் வரைக்கும் முறையிட்டது. கடைசியில 1924 பிப்ரவரி 18-ல புது ஒப்பந்தம். அதுல கிருஷ்ணராஜசாகருக்குப் பயன்படற கொள்ளளவு 44.827 டி.எம்.சி., மேட்டூருக்கு 93.5 டி.எம்.சி. புள்ளிக்கு அப்புறம் மூணு இலக்கம்! பதினாலு வருஷம் அடிச்சுக்கிட்டதுல ரெண்டு பேரும் கத்துக்கிட்ட பாடம் அந்த மூணு இலக்கத்துல இருக்கு. 'சம்மதம்'ங்கிற சொல்லுக்குப் பக்கத்துல எண் இல்லைன்னா அது சம்மதமே இல்லை.

புகையுற கல்லும் காஞ்ச ஊரும்

இப்ப ஒகேனக்கல்லுக்கு வருவோம். ஹொகேன்னா கன்னடத்துல புகை, கல் நமக்கும் அவங்களுக்கும் கல்தான். அருவி விழுந்து தெறிக்கற சாரல் புகை மாதிரி எழும்பறதால இந்தப் பேர். பரிசல், எண்ணெய் மசாஜ், சுடச்சுட மீன் வறுவல்னு நமக்கு அது ஒரு சுற்றுலாத் தலம். தர்மபுரி மாவட்டத்துக்காரங்களுக்கோ ரொம்ப நாளா அது ஒரு வயித்தெரிச்சல்.

ஏன்னா ஆறு அங்க பள்ளத்துல ஓடுது. ஒகேனக்கல் கடல் மட்டத்துல இருந்து சுமார் 250 மீட்டர் உயரம்தான். பென்னாகரம், தர்மபுரி எல்லாம் அதுக்கு மேல. ஓசூரோ கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்துல உக்காந்திருக்கு. காவிரி மாவட்டத்தோட ஓரத்தை உரசிக்கிட்டு மேட்டூருக்கு இறங்கிப் போயிடும். மேட்டு நிலத்து ஜனம் போர்வெல் தண்ணியைக் குடிக்கும்.

அந்தப் போர்வெல் தண்ணியிலதான் வில்லன் இருக்கான், புளோரைடு. அந்தப் பக்கத்துப் பாறைத் தாதுக்கள்ல இருந்து நிலத்தடி நீர்ல கரையுது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல கிராமங்கள்ல அந்த அளவு தாண்டியாச்சு. கொஞ்சம் கூடினா பல்லுல பழுப்புக் கறை. ரொம்பக் கூடி, ரொம்ப வருஷம் குடிச்சா எலும்பு இறுகி, முதுகு வளைஞ்சு, மூட்டு மடங்காமப் போயிடும். காய்ச்சினாலும் புளோரைடு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும்.

தீர்வு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பள்ளத்துல ஓடுற காவிரியை மேல ஏத்தணும். வேணுங்கறது எவ்வளவு? 1998-ல பேசினப்போ குறிச்ச அளவு வருஷத்துக்கு 1.4 டி.எம்.சி. அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 10.8 கோடி லிட்டர். பெரிய எண் மாதிரி தெரியும். ஆனா காவிரி நடுவர் மன்றம் 2007-ல தமிழ்நாட்டுக்கு ஒதுக்கின மொத்தம் 419 டி.எம்.சி. அதுல இது நூத்துக்கு அரை கூட இல்லை, மூணுல ஒரு பங்கு சதவீதம்தான்.

எண்ணிக் கொடுத்த பணம்

1998-ல மத்திய அரசு முன்னிலையில ரெண்டு மாநில அதிகாரிகளும் பேசினாங்க. தமிழ்நாடு தன் பங்கு நீர்ல இருந்து 1.4 டி.எம்.சி. எடுத்துக்கலாம்னு முடிவாச்சு. மத்திய அரசு தடையில்லைன்னு கடிதமும் கொடுத்தது. பெங்களூரோட காவிரிக் குடிநீர்த் திட்டத்துக்கு நாங்க தடை சொல்லலை, ஒகேனக்கல்லுக்கு அவங்க தடை சொல்லக் கூடாது, ரெண்டும் சேர்த்துத்தான் பேசினது - 2008-ல தமிழ்நாடு எடுத்து வெச்ச வாதம் இதுதான்.

இங்க ஒண்ணைக் கவனிங்க. இது வெறும் 'இன் பிரின்சிபிள்' இல்லை. அளவு இருக்கு, இடம் இருக்கு, காகிதம் இருக்கு. 1924-ல கத்துக்கிட்ட பாடப்படி எண்ணும் போட்டாச்சு.

இன்னொரு விஷயமும் இருக்கு. காவிரி நீரை அளந்து தமிழ்நாட்டுக்கு ஒப்படைக்கற இடம் பிலிகுண்டுலு. அது ஒகேனக்கல்லுக்கு மேல, ஆறு வர்ற பக்கம் இருக்கு. அதாவது ஒகேனக்கல்லுக்கு வந்து சேர்ற தண்ணி ஏற்கனவே எண்ணிக் கொடுத்த பணம். கல்லா தாண்டி வந்து நம்ம பாக்கெட்டுல விழுந்த காசுல டீ குடிக்கலாமா வேண்டாமான்னு கடைக்காரர் சொல்ல முடியாதில்லையா? நாம எடுக்காட்டி அந்தத் தண்ணி மேட்டூருக்குப் போகுமே தவிர, திரும்ப மேல ஏறி மண்டியாவுக்குப் போகாது.

இவ்வளவு சுத்தமா இருந்த விஷயம் பத்து வருஷம் தூங்கிச்சு. 2008 பிப்ரவரி 26-ல, அப்போ உள்ளாட்சித் துறை அமைச்சரா இருந்த ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். ஆரம்பக் கணக்கு 1,334 கோடி ரூபாய், ஜப்பான் கடனுதவி. மூணு வாரம் கூட முழுசா ஆகலை, மார்ச் 16-ல எடியூரப்பா ஆட்களோட ஒகேனக்கல்லுக்கு வந்துட்டார். இது எங்க இடம், எல்லையைக் கூட்டா அளக்கணும், அதுவரைக்கும் வேலையை நிறுத்துங்கன்னு கோரிக்கை. கர்நாடகத்துல அப்போ குடியரசுத் தலைவர் ஆட்சி, மே மாசம் தேர்தல். மீதியை நான் சொல்லணுமா?

சட்டமன்றத்துல தீர்மானம். பெங்களூருல தமிழ்ப்படம் ஓடுற தியேட்டர்கள் மேல தாக்குதல். இங்கயும் கர்நாடகம் சம்பந்தப்பட்ட இடங்கள் மேல கல். ஏப்ரல் 4-ல சென்னையில தமிழ்த் திரையுலகமே உண்ணாவிரதம். அதுல ரஜினி ஆவேசமா பேசினது கர்நாடகத்துல பிரச்சினையாகி, 'குசேலன்' வெளியாகற சமயத்துல அவர் அதுக்கு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. உண்ணாவிரதம் முடிஞ்ச மறுநாளே, ஏப்ரல் 5-ல, முதல்வர் கருணாநிதி கர்நாடகத் தேர்தல் முடியற வரைக்கும் திட்டத்தைத் தள்ளிவைக்கறதா அறிவிச்சார்.

இந்த எல்லை விஷயம் எவ்வளவு பழசு தெரியுமா? அருவிக்கு அக்கரையில இருக்கற பகுதி பழைய கொள்ளேகால் தாலுகா. 1956 நவம்பர் 1 வரைக்கும் அது நம்ம கோயமுத்தூர் மாவட்டத்துல இருந்தது. மொழிவாரி மாநிலம் பிரிச்சப்போ மைசூருக்குப் போச்சு. அதுக்கு முன்னாடி ஒகேனக்கல்லுல காவிரியோட ரெண்டு கரையும் மதராஸ் மாநிலம்தான். பரிசல்காரர் அக்கரைக்குத் துடுப்பு போட்டா தாலுகா மாறும், மாநிலம் மாறாது. ஐம்பத்திரெண்டு வருஷக் கோட்டுக்காக, கோடிக்கணக்கான வருஷத்துப் பாறை மேல நின்னு கத்திக்கிட்டு இருந்தாங்க.

ஆன் பிரின்சிபிள்னா என்ன?

கர்நாடகத்துக்கு 1.4 டி.எம்.சி.யில நஷ்டம் என்ன? ஒரு சொட்டு கூட இல்லை. அப்புறம் ஏன் எதிர்ப்பு? "அளவு முக்கியமில்லை, கொள்கைதான் முக்கியம்"ங்கிற மாதிரி ஒரு நிலைப்பாடு அது. காவிரியில தமிழ்நாடு புதுசா எது செஞ்சாலும் எதிர்க்கணும். இதுதான் 'ஆன் பிரின்சிபிள்'.

அப்போ கர்நாடகம் தமிழ்நாட்டுக்குக் குடிநீரே கொடுக்காத மாநிலமா? இல்லைங்க. இங்கதான் நம்ம ஆளுங்க வசதியா மறந்துடற ஒரு கதை இருக்கு. 1976-ல சென்னை தாகத்துல தவிச்சப்போ, மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூணும் கிருஷ்ணா நதியில தங்கள் பங்குல இருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுத் தர்றதா ஒப்புக்கிட்டாங்க. மொத்தம் 15. தமிழ்நாட்டுக்குக் கிருஷ்ணா நதியில ஒரு அடி நிலம் கூடக் கிடையாது, உரிமை கிடையாது, பழைய ஒப்பந்தம் எதுவும் கிடையாது. இருந்தாலும் கொடுத்தாங்க. குடிதண்ணிங்கிற ஒரே காரணம்.

1976-ல சொந்தப் பங்குல 5 டி.எம்.சி. கொடுத்த அதே கர்நாடகத்துல, 2008-ல நம்ம பங்குல நாம எடுக்கற 1.4-க்கு ரத்தம் கொதிச்சது. எண் சின்னதாயிடுச்சு, கோபம் பெருசாயிடுச்சு. கிருஷ்ணா மேல யாருக்கும் கொள்கை இல்லை, அதனால கணக்குப் பேச முடிஞ்சது. காவிரி கொள்கையாயிடுச்சு, அதனால கணக்கு எடுபடலை.

(கிருஷ்ணா நீரும் உடனே வந்துடலை. 1976-ல ஒத்துக்கிட்டது, 1983-ல எம்.ஜி.ஆர்., என்.டி.ஆர். காலத்துல மறுபடி ஒப்பந்தம், சென்னைக்கு முதல் தண்ணி எட்டிப் பார்த்தது 1996-ல. இருபது வருஷம்! 'இன் பிரின்சிபிள்' எவ்வளவு மெதுவா நடக்கும்ங்கறதுக்கு இது ஒரு ஸ்பீடோமீட்டர்.)

இப்ப நம்ம முறை

இதுவரைக்கும் படிச்சுட்டுக் கைதட்டினவங்க கொஞ்சம் கையை இறக்குங்க. ஏன்னா இதே பாடத்துல நமக்கும் ஒரு கேள்வித்தாள் இருக்கு.

ஒகேனக்கல்லுக்கு மேல, பிலிகுண்டுலுவுக்கும் மேல இருக்கு மேகேதாட்டு. ஆடு தாண்டுற அளவுக்கு ஆறு குறுகிப் போற இடம்னு பேர்லயே இருக்கு. அங்க ஒரு அணை கட்டணும்னு கர்நாடகம் கேக்குது. பெங்களூரோட குடிநீருக்கு 4.75 டி.எம்.சி., கூடவே 400 மெகாவாட் மின்சாரம். 2018 நவம்பர்ல மத்திய நீர் ஆணையம் விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க அனுமதி கொடுத்தது. ஆணையத்தோட நடைமுறை மொழியில அந்தக் கட்டத்துக்குப் பேரே 'இன் பிரின்சிபிள்' சம்மதம்தான்! டிசம்பர்ல தமிழ்நாடு சட்டமன்றம் கூடி எதிர்த்துத் தீர்மானம் போட்டது. இது அணைக்கு அனுமதி இல்லை, அறிக்கை எழுத மட்டும்தான் அனுமதின்னு டெல்லி சொன்னது. 2025 நவம்பர்ல உச்ச நீதிமன்றமும், அறிக்கை தயாராகற நிலையிலேயே எதிர்த்து வர்றது முன்கூட்டியதுன்னு தமிழ்நாட்டோட மனுவைத் தள்ளிடுச்சு.

நம்ம பயம் நியாயமானதா? நியாயமானதுதான். 1910-ல 11-ன்னு சொல்லி 41.5-க்கு அஸ்திவாரம் போட்ட கதை நமக்கு மறக்குமா? தேவை 4.75, ஆனா அவங்க அறிக்கையில இருக்கற அணையோட கொள்ளளவு 67.16 டி.எம்.சி. கிருஷ்ணராஜசாகரை விடப் பெருசு. ஒகேனக்கல்லுல நாம எடுக்கறது எண்ணிக் கொடுத்த பணம். மேகேதாட்டுல நிக்கறது எண்ணறதுக்கு முன்னாடி இருக்கற பணம். கல்லாவுக்கு முன்னாடி ஒருத்தர் பெரிய உண்டியலோட உக்காந்தா யாருக்கும் வயித்தைக் கலக்கும்.

ஆனா அந்த 4.75 டி.எம்.சி.? அது 2018 பிப்ரவரி 16-ல உச்ச நீதிமன்றமே பெங்களூரு மக்கள் குடிக்கறதுக்குன்னு கர்நாடகத்துக்குக் கூட்டிக் கொடுத்தது. குடிநீருக்குத்தான் முதலிடம்னு 1987 தேசிய நீர்க்கொள்கையில இருந்து எழுதி வெச்சிருக்கோம். அதே வாதத்தைத்தான் ஒகேனக்கல்லுக்காக நாம தொண்டை கிழியப் பேசினோம். தர்மபுரிக்காரன் தாகம் தாகம், பெங்களூருக்காரன் தாகம் அரசியல்னு சொன்னா, அது கொள்கையே இல்லை. சௌகரியம். பெங்களூருல அந்தத் தண்ணியைக் குடிக்கறதுல எத்தனை லட்சம் தமிழர்கள், எத்தனை ஆயிரம் தர்மபுரிக்காரங்கன்னும் யோசிங்க.

அப்ப நாம என்ன சொல்லணும்? இந்த இடத்துலதான் அந்த இங்கிலீஷ் சொற்றொடரைச் சரியாப் பயன்படுத்தணும். "பெங்களூரோட குடிநீருக்குக் கொள்கைக்காகவே சம்மதம். 67 டி.எம்.சி. கொள்ளளவுக்குச் சம்மதம் இல்லை." முதல் வாக்கியம் 'ஆன் பிரின்சிபிள்'. ரெண்டாவது கணக்கு. ரெண்டையும் சேர்த்துக் குழப்பி "மேகேதாட்டுன்னாலே முடியாது"ன்னு சொல்றப்போ, 2008-ல அக்கரையில இருந்து கேட்ட அதே குரல் இக்கரையில இருந்தும் கேக்குது. அந்தக் குரல்ல பேசறவங்களை யாரும் கணக்கு கேக்க மாட்டாங்க. அதனாலதான் அரசியல்வாதிகளுக்கு அது பிடிக்குது.

சரி, எப்படிச் சரிபார்க்கறது?

அடுத்த தடவை யாராவது 'கொள்கையளவில் ஒப்புதல்'னு சொன்னா, அரசாங்கமோ, கிளையன்டோ, சம்பந்தி வீட்டாரோ, மூணே மூணு கேள்வி கேளுங்க.

1. எவ்வளவு? (எண் இல்லைன்னா ஒப்புதல் இல்லை. 1910 பாடம்.)
2. எப்போ? (தேதி இல்லைன்னா இருபது வருஷம் ஆகலாம். 1976 பாடம்.)
3. நாளைக்கு யாராவது வேண்டாம்னு கத்தினா, இதைக் காப்பாத்தப் போறது யாரு? (2008 பாடம்.)

மூணுக்கும் பதில் இருந்தா அதைக் 'கொள்கையளவில்'னு சொல்லத் தேவையே இல்லை, ஒப்பந்தம்னே சொல்லிக்கலாம். ஒண்ணுக்குக் கூடப் பதில் இல்லைன்னா, பட்டாசைப் பத்திரமா பரண்ல வைங்க. நம்ம வன பாதுகாப்புச் சட்ட நடைமுறையில இதை நேர்மையாவே பிரிச்சு வெச்சிருக்காங்க. முதல் கட்டத்துக்குப் பேர் 'இன் பிரின்சிபிள்' ஒப்புதல், நிபந்தனை எல்லாம் நிறைவேத்தினாதான் ரெண்டாம் கட்ட இறுதி ஒப்புதல். பொதுவா, முதல் கட்டத்துலயே மரத்துல கோடாரி வைக்க முடியாது.

'ஆன் பிரின்சிபிள்'னு யாராவது சொன்னா ஒரே ஒரு கேள்வி போதும்: "இதே கொள்கை உங்களுக்கு எதிரா திரும்பினாலும் வெச்சுப்பீங்களா?" ஆமான்னு சொன்னா கும்பிட்டுட்டு வாங்க, எதிராளியா இருந்தாலும் சரி. இல்லைன்னா அது கொள்கை இல்லை, கோபம்.

இதெல்லாம் வார்த்தை விளையாட்டு, இலக்கணம் படிச்சவனுக்குப் பொழுதுபோக்குன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு கணக்கு சொல்லிட்டு முடிச்சுக்கறேன்.

குழந்தைக்கு நிலையான பல் தாடை எலும்புக்குள்ள உருவாகறது பிறந்ததுல இருந்து சுமார் எட்டு வயசு வரைக்கும் (கடைசியா வர்ற ஞானப்பல் கணக்குல இல்லை). புளோரைடு பல்லுல கறையை எழுதறதும் அந்த எட்டு வருஷத்துக்குள்ளதான். அதுக்கப்புறம் நல்ல தண்ணி வந்தாலும் எழுதினது அழியாது. 1998-ல, ரெண்டு மாநிலமும் ஒத்துக்கிட்ட அந்த வருஷம், தர்மபுரி பக்கத்து ஒரு புளோரைடு கிராமத்துல ஒரு குழந்தை பிறந்திருக்கும்னு வெச்சுக்கோங்க. 2006-ல அந்தக் குழந்தையோட பல் எல்லாம் உள்ளுக்குள்ள உருவாகி முடிஞ்சாச்சு. அடிக்கல் நாட்டினது 2008-ல. அதையும் தேர்தலுக்காகத் தள்ளிவெச்சு, மறுபடி ஆரம்பிச்சு, செலவு 1,928 கோடிக்கு ஏறி, மூணு நகராட்சி, 17 பேரூராட்சி, ஆறாயிரத்துச் சொச்சம் கிராமக் குடியிருப்புகளுக்கான அந்தத் திட்டத்தை ஜெயலலிதா தொடங்கி வெச்சது 2013-ல. அப்ப அந்தக் குழந்தைக்குப் பதினஞ்சு வயசு.

ஜப்பான் கடன் ஒப்பந்தத்துல அந்தத் திட்டத்தோட பேர்லயே புளோரோசிஸ் பாதிப்பைக் குறைக்கறதுன்னு இருக்கு. எங்கயோ டோக்கியோவுல கையெழுத்து போட்டவருக்கு, இது பல்லையும் எலும்பையும் பத்தின விஷயம்னு தெரிஞ்சிருக்கு. காவிரிக்கு இக்கரையிலயும் அக்கரையிலயும் மைக் பிடிச்சவங்களுக்குத்தான் அது கொள்கை சம்பந்தப்பட்ட விஷயமா இருந்தது.

2022-ல தமிழ்நாடு ஒகேனக்கல் இரண்டாம் கட்டத் திட்டத்தை அறிவிச்சது. கர்நாடகம் எதிர்ப்பு தெரிவிச்சது. கொள்கையளவுல, குடிநீருக்கு யாரும் எதிரி இல்லை.

டிஸ்கி: பெங்களூருல இருக்கற நண்பர்கள் அடிக்க வர்றதா இருந்தா சொல்லிட்டு வாங்க. கொள்கையளவுல நான் வன்முறைக்கு எதிரானவன். :-)